கூட்டம் வந்தால் எழுத்தை முழுங்கும் கீபோர்டு

கேள்வி: காலடிப்பேட்டையில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். மனு, வாடகை ஒப்பந்தம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் தமிழில் அடித்துக் கொடுப்பேன். தமிழ்99 விசைப்பலகை முறைதான். நாலு வருடத்துக்கு முன் ஒயர்லெஸ் கீபோர்டு, மவுஸ் செட் ஒன்றை 1,400 ரூபாய்க்கு வாங்கினோம். மூன்று வருடம் ஒரு குறையும் இல்லை. ஒரு வருடமாக எழுத்தை முழுங்குகிறது. காலையில் கடை திறந்ததும் நன்றாக இருக்கும், கூட்டம் சேர்ந்தால்தான் தொல்லை. போன வாரம் ஒரு பெரியவரின் மனுவில் 'பாட்டி பெயரில் உள்ள பட்டா' என்பது 'பாடி பெயரில் உள்ள படா' என்று போய்விட்டது. அவர் தாலுகா ஆபீஸிலிருந்து திரும்பி வந்து சத்தம் போட்டார். அவசரத்தில் என் விரல்தான் தப்பு செய்கிறதோ என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. மவுஸை ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை அழுத்தியது போல் ஃபைல் திறக்கிறது. முன்பு எட்டு மாதம் வந்த பேட்டரி செல் இப்போது ஒன்றரை மாதம்கூட வருவதில்லை. இதே செட்டைப் புதிதாக வாங்கிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். பையன் புளூடூத் வாங்கச் சொல்கிறான். ஒயர்லெஸ்ஸில் அடிப்பதை வெளியிலிருந்தே எடுத்துவிடுவார்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் பயமுறுத்துகிறார். என்ன செய்யட்டும்?

— வாசகி, காலடிப்பேட்டை, திருவொற்றியூர்

பதில்: சகோதரிக்கு வணக்கம். முதலில் உங்கள் விரலை விட்டுவிடுங்கள், அது பாவம். நாலு வருடம் ஒழுங்காக அடித்த விரல் திடீரென்று கூட்டத்தைப் பார்த்து மிரளாது.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி, 'கூட்டம் சேர்ந்தால்தான் தொல்லை' என்பது. பாதி நோயை நீங்களே கண்டுபிடித்து எழுதியிருக்கிறீர்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் இருபது வருடத்துக்கு மேலாக இந்த ரிப்பேர் வேலையைச் செய்கிறேன். 'சில நேரம் வேலை செய்யுது, சில நேரம் செய்யல' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். எப்போது செய்யவில்லை என்று கவனித்துச் சொல்கிறவர்கள் குறைவு.

சரி, கூட்டம் வரும்போது கடையில் என்ன மாறுகிறது? ஆட்கள் மட்டும் வருவதில்லை, பென்டிரைவும் வருகிறது. உங்கள் கடையை நான் பார்த்ததில்லை. ஆனால் தங்கசாலையிலிருந்து எண்ணூர் வரை ஜெராக்ஸ் கடைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போலத்தான் இருக்கும். இரும்பு மேஜை, அதன் கீழே சிபியூ, மேலே வைஃபை ரௌட்டர், சிபியூவின் முதுகில் எங்கேயோ ஒரு ஓட்டையில் கீபோர்டின் டாங்கிள் (கீபோர்டும் மவுஸும் அனுப்புவதை வாங்கிக் கணினிக்குத் தரும் சின்னக் குச்சி). அதற்கு அடுத்த ஓட்டையில்தான் வருகிறவர்களின் பென்டிரைவைச் சொருகுவோம். அந்த ஓட்டை நீல நிறமாக இருந்தால் பெரும்பாலும் அது யூஎஸ்பி 3.0, வேகமான வகை.

உங்கள் கீபோர்டு டாங்கிளோடு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகிறது. யூஎஸ்பி 3.0-ல் ஃபைல் ஓடும்போது அந்த இணைப்பே அதே அலைவரிசையில் ஒரு இரைச்சலைக் கிளப்பும். இது என் ஊகம் இல்லை. இன்டெல் நிறுவனமே 2012-ல் அளந்து பார்த்து வெளியிட்ட விஷயம். காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கும்போது நடுவில் நின்று போனில் பேசிப் பாருங்கள், அந்த நிலைமைதான் டாங்கிளுக்கு. அதற்கு மேல் ரௌட்டரும் அதே 2.4-ல் கத்திக்கொண்டிருக்கும். வந்தவர்கள் பையிலிருக்கும் புளூடூத்தும் ஹாட்ஸ்பாட்டும் சேரும். இரும்பு மேஜை நடுவில் மறைக்கும். முதல் மூன்று வருடம் எப்படித் தாங்கியது என்கிறீர்களா? அப்போது செல் நன்றாக இருந்திருக்கும், அல்லது நடுவில் சிபியூவை மாற்றியிருப்பீர்கள், ரௌட்டரை இடம் மாற்றியிருப்பீர்கள். யோசித்துப் பாருங்கள்.

இதற்கு மருந்து நூறு, நூற்றைம்பது ரூபாய்தான். மேஜைக்கு மேலே எட்டுகிற நீளத்துக்கு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, சிபியூவில் கறுப்பு ஓட்டையில் (அது பெரும்பாலும் யூஎஸ்பி 2.0) மாட்டி, டாங்கிளை மேஜைக்கு மேலே, கீபோர்டுக்கு அரை முழத்துக்குள் கொண்டுவந்து டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். பென்டிரைவுக்கு சிபியூவின் முன்பக்க ஓட்டையை ஒதுக்குங்கள். ரௌட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் கடைக் கணினியின் வைஃபையை அதற்கு மாற்றிவிடுங்கள். என்னிடம் 'கீபோர்டு போச்சு' என்று வருகிற ஒயர்லெஸ் செட்டுகளில் பல இந்தக் கேபிளோடு திரும்பிப் போயிருக்கின்றன.

ஆனால் பட்டா படாவானதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். தமிழ்99-ல் அடிக்கிறவர்களுக்கே உரிய தொல்லை அது. 'பட்டா' அடிக்க ஒரே 'ட' விசையை அடுத்தடுத்து இரண்டு தடவை தட்டுகிறோம். நடுவில் வரும் புள்ளியை மென்பொருளே போட்டுக்கொள்ளும். அதில் ஒரு தட்டு காணாமல் போனால் புள்ளியும் சேர்ந்தே போய்விடும். மிச்சம் இருப்பது பார்க்க ஒழுங்கான ஒரு சொல்தான், கண்ணில் படாது. 'பாடி' என்பதும் சொல்தானே! ஆங்கிலத்தில் ஒரு எழுத்து விழுந்தால் சிவப்புக் கோடாவது வரும், நமக்கு அந்த வசதியும் குறைவு.

இந்த மாதிரி கீபோர்டுகளுக்குள் இருப்பது மின்கோடு அச்சிட்ட பிளாஸ்டிக் தாள்களும், ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு ரப்பர் குமிழும்தான். நாலு வருடம் தட்டினால் குமிழ் தளர்ந்துவிடும். அழுத்திய விசை முழுதாக எழும்புவதற்குள் அடுத்த தட்டு விழுந்தால், இரண்டும் ஒன்றாகவே கணக்காகும்.

அலைக் கோளாறா, குமிழ்த் தளர்ச்சியா? கடை மூடிய பிறகு பத்து நிமிடம் செலவழியுங்கள். நோட்பேடைத் திறந்து, பென்டிரைவு எதுவும் இல்லாமல் 'பட்டா நிலம்' என்று ஐம்பது தடவை அடியுங்கள். அப்புறம் நீல ஓட்டையில் ஒரு பென்டிரைவைச் சொருகி, பெரிய சினிமா ஃபைல் ஒன்றைக் காப்பி போட்டுவிட்டு மறுபடி ஐம்பது. இரண்டாவது ஐம்பதில் பட்டா படாவாகிறது, நிலமும் 'நிம்' ஆகிறது என்றால் அலைதான். இரண்டு ஐம்பதிலும் இரட்டித்த 'ட்ட' மட்டும் உதைக்கிறது, நிலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் குமிழ். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு அடிக்கும்போது முதல் எழுத்து மட்டும் காணோம் என்றால் இரண்டுமே இல்லை. கீபோர்டு செல்லை மிச்சம் பிடிக்கத் தூங்கியிருக்கிறது, முதல் தட்டு எழுப்புவதற்கே போய்விடுகிறது. விலை குறைந்த செட்டுகளில் இந்தப் பழக்கம் உண்டு. ஷிஃப்டை ஒரு தட்டு தட்டிவிட்டு ஆரம்பித்தால் போதும்.

சில நேரம் ஒரே எழுத்து வரிசையாக ஓடும், பார்த்திருப்பீர்கள். விசையை எடுத்துவிட்டீர்கள் என்ற செய்தி டாங்கிளுக்குப் போய்ச் சேரவில்லை, இன்னும் அழுத்திக்கொண்டிருப்பதாகக் கணினி நினைக்கிறது. அதுவும் அலைக் கோளாறுதான்.

குமிழ்தான் காரணம் என்றால் ரிப்பேர் வேண்டாம், வேலைக்கு ஆகாது. குமிழைத் தனியாக யாரும் விற்பதில்லை. அந்த மாதிரியே இன்னொரு செத்த கீபோர்டிலிருந்து ரப்பர் தாளை எடுத்துப் போடலாம். நான் போட்டும் கொடுத்திருக்கிறேன், ஆனால் அது பாசத்துக்காகச் செய்கிற வேலை.

இனி செல் விஷயம். எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை மாதம் என்பது பெரிய சரிவு. கீபோர்டைக் கவிழ்த்து செல் மூடியைத் திறந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். மைனஸ் பக்கத்து ஸ்பிரிங்கின் அடியில் உப்புப் பூத்தது போல் வெள்ளையாக ஏதாவது இருக்கிறதா? பிளஸ் பக்கத்துத் தகட்டில் பச்சை படிந்திருக்கிறதா? நம் பக்கத்தில் இரும்பு ஷட்டரே நாலைந்து வருடத்தில் பொரிந்து உதிர்கிறது. கடற்காற்றின் உப்பும் ஈரமும் அந்தச் சின்ன ஸ்பிரிங்கையா விட்டுவைக்கும்? எழும்பூர் கடையில் பத்து வருடம் வரும் செட் காசிமேட்டில் ஐந்து வருடம் வந்தாலே நான் சலாம் போடுவேன். தகட்டில் பச்சை ஏறினால் செல்லில் மின்சாரம் இருந்தும் முழுதாக வந்து சேராது. பாதி தீராத செல்லை 'தீர்ந்துபோச்சு' என்று நாம் தூக்கி எறிவோம்.

வெள்ளை பூத்திருந்தால் அது செல் கசிந்தது. ஆல்கலைன் செல்லில் இருப்பது காரம், அதனால் புளிப்புதான் அதற்கு மாற்று. செல்லை வெளியே எடுத்துவிட்டு, காது பஞ்சை எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ தோய்த்துப் பிழிந்து, வெள்ளை இருக்கும் இடத்தில் மட்டும் தொடுங்கள். லேசாக நுரைத்து இளகும். துடைத்துவிட்டு, இன்னொரு பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு மறுபடி துடையுங்கள் (மெடிக்கல் ஷாப்பிலோ மொபைல் சர்வீஸ் கடையிலோ கிடைக்கும்). நன்றாகக் காயட்டும். அந்த வெள்ளைத் தூள் தோலை அரிக்கும், கையால் சுரண்டிவிட்டுக் கண்ணைத் தேய்த்துவிடாதீர்கள். உப்புத்தாளையும் அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். பளபளவென்று வருகிறதே என்று தேய்ப்பார்கள், மேலே இருக்கும் முலாம் போய் அடுத்த மழைக்காலத்தில் இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும்.

செல் வாங்கும்போது சுவர்க்கடிகாரத்துக்குப் போடுகிற மலிவு செல்லைப் போடாமல் ஆல்கலைன் கேளுங்கள். மலிவு செல்லின் துத்தநாக உறையே கரைந்துதான் மின்சாரம் தருகிறது, அதனால் சீக்கிரம் ஒழுகும். ரீசார்ஜ் செல்லும் போடலாம். 1.5 வோல்டுக்குப் பதில் 1.2 வோல்டு என்பதால் சில செட்டில் 'பேட்டரி குறைவு' விளக்கு முன்கூட்டியே எரியும், அதற்காகப் பதறாதீர்கள். பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள். ராத்திரி கடை மூடும்போது மவுஸின் அடியில் இருக்கும் ஸ்விட்சை ஆஃப் செய்யுங்கள். இன்னொன்று, டாங்கிள் தூரத்தில் ஒளிந்திருந்தால் ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு மூன்று தடவை அனுப்ப வேண்டியிருக்கும், அதிலும் செல் தீரும். எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டால் இந்தத் தொல்லையும் குறையலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது உங்கள் கடையில் தண்ணீர் வந்ததா? எழுதவில்லை. வந்திருந்தால் கதை வேறு. நனைந்த கீபோர்டைக் காய வைத்ததும் வேலை செய்யும், சந்தோஷப்படுவோம். சில மாதம் கழித்து ஒரு கோடு அரித்துப்போய், சம்பந்தமில்லாத நாலைந்து விசைகள் ஒரே நாளில் கூட்டாகச் சாகும். அப்படி ஆனதைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்து வழியில்லை.

மவுஸுக்கு வருவோம். அதன் நோய்க்கும் அலைக்கும் சம்பந்தமில்லை. இடது பொத்தானுக்குக் கீழே, பட்டாணி அளவுக்குக் கொஞ்சம் பெரிதாக, மூன்று காலோடு ஒரு மைக்ரோ ஸ்விட்ச் இருக்கிறது. அதற்குள் தலைமுடி கனத்தில் வளைந்த ஒரு தாமிரத் தகடு. நீங்கள் அழுத்தினால் அது 'டிக்' என்று தாவிக் கீழே தொடும். லட்சக்கணக்கில் தாவிய பிறகு விறைப்புக் குறைந்து, தொடும் இடமும் கறுத்து, ஒரு தடவை தொட வேண்டியது துள்ளித் துள்ளி இரண்டு தடவை தொடுகிறது. கணினிக்கு அது டபுள் கிளிக். விண்டோஸில் டபுள் கிளிக் வேகத்தை மாற்றச் சொல்வார்கள், அது வலிக்கிற பல்லுக்குக் கன்னத்தில் தைலம் தடவுகிற வேலை.

மவுஸைக் கவிழ்த்து, கால் ஸ்டிக்கரை ஓரத்தில் நெம்பினால் அடியில் ஒரு திருகு ஒளிந்திருக்கும். அதைக் கழற்றினால் மூடி வந்துவிடும். பழைய ஸ்விட்சைச் சால்டரிங் அயர்னால் எடுத்துவிட்டுப் புதிது வைக்கப் பதினைந்து நிமிடம். ஸ்விட்ச் ரிச்சி தெருவில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. நான் கூலியோடு 150 ரூபாய் வாங்குகிறேன். கையில் புது ஸ்விட்ச் இல்லாத நாளில், வலது பொத்தானின் ஸ்விட்சைக் கழற்றி இடப்பக்கம் வைத்துவிடுவோம். வலப்பக்கத்தை யார் அவ்வளவு அழுத்துகிறார்கள்? அதுவரை அவசரத்துக்கு, விண்டோஸ் மவுஸ் அமைப்பில் முதன்மைப் பொத்தானை வலதுக்கு மாற்றிவைத்து ஓட்டுங்கள். இரண்டு நாள் கை தடுமாறும், அப்புறம் பழகிவிடும். யுபிஐ, கட்டணப் பக்கங்களில் மட்டும் இந்த மவுஸை நம்பி 'செலுத்து' பொத்தானை அழுத்தாதீர்கள், என்டர் விசையைத் தட்டுங்கள்.

பக்கத்துக் கடைக்காரர் சொன்னது வெறும் புரளி இல்லை. 2016-ல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இரண்டு விஷயங்களைக் காட்டினார்கள். பல கம்பெனிகளின் டாங்கிளுக்கு, மவுஸ் அனுப்புவது போல் வெளியிலிருந்து செய்தி அனுப்பி, நாம் அடிக்காத எழுத்தைக் கணினியில் அடிக்க முடிந்தது. சில மலிவு கீபோர்டுகள் எழுத்தை மறையாக்கமே (பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) இல்லாமல் அனுப்பியதால், தூரத்தில் உட்கார்ந்தே படிக்கவும் முடிந்தது. காலடிப்பேட்டையில் ஒருவர் ஆண்டெனாவோடு காத்திருக்கிறார் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் நீங்கள் அடிப்பது உங்கள் விஷயமாக இருந்தால் 'போகட்டும்' எனலாம். அடுத்தவர் ஆதார் எண்ணையும் பாஸ்வேர்டையும் அடிக்கிறீர்கள். உங்கள் செட்டின் அட்டைப்பெட்டி இருந்தால் 'ஏஇஎஸ் 128 பிட்' மறையாக்கம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கீபோர்டில் ஆதார் அடிக்க வேண்டாம்.

பையனிடம் சொல்லுங்கள்: புளூடூத்தும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ்தான். அசெம்பிள் செய்த சிபியூவில் பெரும்பாலும் புளூடூத் இருக்காது, அதற்கு ஒரு டாங்கிள் வாங்கிச் சொருக வேண்டும். விண்டோஸ் ஏறாமல் நின்றுவிட்டால், பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரை) போகக் கீபோர்டே கிடைக்காமல் தவிக்க நேரலாம். லேப்டாப்புக்கு நல்லது, கவுண்ட்டருக்கு வேண்டாம்.

வீட்டுக்காரர் சொல்வதுபோல் இதே செட்டைப் புதிதாக வாங்கினால் அதே மேஜை, அதே ரௌட்டர், அதே பென்டிரைவு. 1,400 ரூபாய் போனபிறகும் கூட்டம் வந்தால் எழுத்தை முழுங்கும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், கவுண்ட்டருக்கு 500, 600 ரூபாயில் ஒரு ஒயர் கீபோர்டு வாங்கிவிடுவேன். காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் பெயரை அடிக்கிற தொழிலுக்கு ஒயர்தான் சரி. ஒயர்லெஸ்ஸை ஒன்பது வருடம் ஆசையாக வைத்திருந்த ஆளாகத்தான் சொல்கிறேன். என் கடையில் அந்த செட் பில் போட மட்டும்தான். அதிலும் 'எஃப்' விசையின் எழுத்து முதல் இரண்டு வருடத்திலேயே அழிந்துவிட்டது. தமிழ்99-ல் புள்ளி அங்கேதானே இருக்கிறது! விரலுக்கு அடையாளமாக அதில் இருக்கும் சின்ன மேடுகூட மழுங்கிப்போனது. ஒயர் கீபோர்டு வாங்கும்போது கடையிலேயே 'எஃப்' விசையை மட்டும் இருபது தடவை வேகமாகத் தட்டிப் பாருங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் முழுதாக எழும்பி வந்தால் வாங்குங்கள், சோம்பேறியாக எழும்பினால் வைத்துவிட்டு வாருங்கள்.

மவுஸுக்கு ஸ்விட்ச் மாற்றி ஒயர்லெஸ்ஸாகவே வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு அசைவைத் தவறவிட்டால் கையை இன்னொரு முறை நகர்த்தினால் போதும், யாரும் தாலுகா ஆபீஸிலிருந்து திரும்பி வர மாட்டார்கள். ஒயர்லெஸ் கீபோர்டை வீட்டுக்கு எடுத்துப்போகலாமே என்று தோன்றும். முடியாது. செட்டுக்கு டாங்கிள் ஒன்றுதான், அது மவுஸோடு கடையில் இருக்கும். லாஜிடெக் 2009-ல் கொண்டுவந்த யூனிஃபையிங் டாங்கிள் போல ஆறு கருவி வரை சேர்த்துக்கொள்கிற வகையும் உண்டு. ஆரஞ்சு நிறத்தில் நட்சத்திரம் போல ஒரு குறி இருக்கும். அதில் கீபோர்டுக்கென்று இன்னொரு டாங்கிளைத் தனியாக வாங்கிச் சேர்க்கலாம். உங்கள் விலைக்குப் பெரும்பாலும் அந்த செட்டுக்கே கட்டிப்போட்ட டாங்கிளாகத்தான் இருக்கும். அதனால் கீபோர்டைச் சுத்தம் செய்து, செல்லைக் கழற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மேல் தட்டில் வையுங்கள். ஒயர் கீபோர்டில் டீ கொட்டுகிற அன்றைக்கு உதவும். செல்லைக் கழற்ற மறந்தால் அடுத்த தடவை திறக்கும்போது எலுமிச்சம்பழம் தேட வேண்டியிருக்கும்.

ஸ்விட்ச் மாற்ற என்னிடமே வர வேண்டும் என்று இல்லை, திருவொற்றியூரிலேயே மொபைல் சர்வீஸ் செய்கிற எந்தப் பையனும் செய்வான். மவுஸோடு டாங்கிளையும் எடுத்துப் போங்கள், அது இல்லாமல் சோதித்துப் பார்க்க முடியாது. போகும்போது நினைவு வைப்பதைவிடத் திரும்பும்போது நினைவு வையுங்கள். ஒரு தடவை என் டாங்கிளை ஒரு வாடிக்கையாளரின் சிபியூவில் சொருகிச் சோதித்துவிட்டு, அப்படியே கொடுத்தனுப்பிவிட்டேன். சிபியூ மீஞ்சூருக்குப் போய்விட்டது. மூன்று நாள் பேப்பரில் பில் எழுதினேன்.